ஜாவா, யெஸ்டியில் அடுத்து என்ன பைக் வரும்? காத்திருந்து வாங்கலாமா?

பெரிய வண்டி வரும் என்று காத்திருக்கிறீர்கள் என்றால், வேண்டாம். 350 சிசிக்குள் போதும் என்றால் காத்திருக்கவே தேவையில்லை, ஷோரூமில் இப்போதே நிற்கிறது.

இந்தக் கம்பெனி அடுத்து என்ன செய்யும் என்று பார்க்க, டேங்க்கில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள். மஹிந்திரா பெரும்பங்கு வைத்திருக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸிடம் ஜாவா, யெஸ்டி, பிஎஸ்ஏ என்று மூன்று பெயர்கள். 2018 நவம்பரில் ஜாவா 293 சிசியோடு திரும்பி வந்தது. அதையே 334 சிசியாகப் பெரிதாக்கிப் பேரக் என்ற ஜாவா மாடலில் போட்டார்கள். 2022 ஜனவரியில் வந்த யெஸ்டி மாடல்கள் மூன்றுக்கும் அதே 334தான். அப்புறம் ஜாவா 42 பாபர், ஜாவா 350, ஜாவா 42 எஃப்ஜே, 2025ல் இங்கிலாந்தில் காட்டிய பிஎஸ்ஏ பான்டம் 350 எல்லாமே அந்த வம்சம்தான். டியூனிங் மட்டும் மாறும். ஜாவா 350ல் 22 குதிரைத்திறன் சொச்சம், நிதானமாக இழுக்கும். எஃப்ஜேவில் 29, கொஞ்சம் முறுக்கினால்தான் சுகம்.

இனியும் இந்த வழியில்தான் போவார்கள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேலே போனால், செஸ்ஸோடு 31 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. 652 சிசி பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தபோதே ஷோரூம் விலை 2.99 லட்சத்தில் தொடங்கியது. கையில் வரிச் சலுகைக்குள் அடங்கும் இன்ஜின் இருக்கும்போது, யார் மெனக்கெட்டு 500 சிசியில் புதிதாக ஒன்று செய்வார்கள்?

பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் திரும்ப வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வராது. மைசூரில் 1961 முதல் 1996 வரை செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளின் அந்த இரட்டை சைலன்சர் சத்தம், கிக்கரையே மடக்கிக் கியர் போடும் வித்தை எல்லாம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் அந்த இன்ஜின் பிஎஸ்6 புகை விதியில் தேறாது. அதுதான் வேண்டும் என்றால் பழைய யெஸ்டி ரோட்கிங் ஒன்றைத் தேடுங்கள். பெயிண்ட்டைப் பார்க்கும் முன் ஆர்சியைப் பாருங்கள்.

அறிவிப்புத் தேதியை நம்பி பணத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். பேரக்கை 2018லேயே காட்டினார்கள், வாங்கியவர்கள் கைக்கு வந்தது 2020ல். அதற்குப் பதிலாக உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் ஜாவா 350, எஃப்ஜே இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.