புல்லைப் பிழிந்து புரதம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, கோப்பாயில் எட்டுப் பரப்பில் சீஓ-3 புல் வைத்திருக்கிறேன். ஐந்து பசு, நூற்றைம்பது ஊர்க்கோழி. பிண்ணாக்கும் கோழித்தீனும் விற்கிற விலையில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. புல்லைப் பிழிந்து புரதத் தூளும், மிஞ்சும் சாற்றில் நுண்ணுயிர் வளர்த்து எண்ணெயும் எடுக்கலாம் என்று ஒரு முகவர் வீடியோ காட்டினார். மெசினுக்கு நகை அடகு வைக்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: தம்பி, நகையைத் தொடாதீர்கள்.

வீடியோவில் உள்ளது பொய்யில்லை. டென்மார்க்கில் குளோவர் என்ற பயற்றினத் தீவனச்செடி கலந்த இளம்புல்லை வெட்டின கையோடு பிழிந்து, சாற்றை 80 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்குகிறார்கள். புரதம் திரிந்து கட்டியாகிறது. சோயாவுக்குப் பதிலாக அது பன்றிக்கும் கோழிக்கும் போகிறது, சக்கை மாட்டுக்கு. மிஞ்சும் கபிலச் சாற்றின் சீனியில் எண்ணெய் சேர்க்கும் மதுவத்தை (ஈஸ்ட்) வளர்க்கவும் முடியும்.

ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பச்சைப்புல்லில் 80 கிலோவுக்கு மேல் தண்ணீர். காய்ந்த பொருள் 18 கிலோ, அதில் புரதம் 10 சதவீதம் என்றால் 1.8 கிலோ. மூன்றிலொன்று கைக்கு வந்தாலே பெரிய காரியம். 600 கிராமுக்காக மின்சாரமும் விறகும் எரிப்பதா? எண்ணெய்க் கதை இன்னும் மோசம். ஐந்து கிலோ சீனி தின்று மதுவம் ஒரு கிலோ எண்ணெய் தந்தால் நல்ல விளைச்சல். அதற்கும் கிருமி புகாத தாங்கியும் இடைவிடாத காற்றும் வேண்டும். நம் வெயிலில் சாறு பின்னேரத்துக்குள் புளித்துவிடும். தொழிற்சாலை அளவில் செய்கிற வேலையை ஒரு கொட்டிலுக்குள் விற்க வருபவர் உங்கள் நகையைத்தான் பிழியப் பார்க்கிறார்.

புல்லை எத்தனை நாளில் வெட்டுகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஆள் உயரம் வரட்டும், எடை கூடட்டும் என்று இரண்டு, மூன்று மாதம் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கூடுவது தண்டு, குறைவது புரதம். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பசுவின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களுக்கே நைதரசன் போதாது. மாடு குறைவாகத் தின்னும், தின்றதும் சரியாகச் செரிக்காது. புல்லிலிருந்து புரதம் ஆக்கும் வேலையை அந்த நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன, ஒரு சதம் கேட்காமல். அவற்றைப் பட்டினி போட்டுவிட்டு மெசின் தேடுகிறோம்.

காலையில் தொட்டியில் மிஞ்சிக் கிடக்கும் தண்டில் பெருவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் இறங்காவிட்டால் வெட்டப் பிந்திவிட்டீர்கள். முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கு மேல் விடாதீர்கள். எட்டுப் பரப்பையும் பாத்தி பாத்தியாகப் பிரித்து முறைவைத்து வெட்டினால் நாளாந்தம் இளம்புல் கிடைக்கும். யூரியாவை அள்ளி வீசிக் கரும்பச்சையாக்கி அதைப் புரதம் என்று நம்பவும் வேண்டாம். பகுப்பாய்வுத் தாளில் உள்ள புரத அளவு, நைதரசனை 6.25 ஆல் பெருக்கிப் போட்ட கணக்கு. புரதமல்லாத நைதரசனும் அதற்குள் சேர்ந்திருக்கும். மிஞ்சின நைத்திரேற்று சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுக்கே வரும்.

பிண்ணாக்குச் செலவைக் குறைக்க வேலியைப் பாருங்கள். கிளிசரியாக் கதியால் நிற்கிறதா? அந்தக் குழையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். வெட்டி அரை நாள் வாடவிட்டு, புல்லோடு கலந்து சிறுகச் சிறுகப் பழக்குங்கள். முதல் சில நாள் மணத்துக்கு முகத்தைத் திருப்பும், அப்புறம் தேடித் தின்னும். தீனில் மூன்றிலொன்றுக்கு மேல் போக வேண்டாம்.

கோழிக்கு மட்டும் கிளிசரியா கொடுக்காதீர்கள், அது ஒத்துக்கொள்ளாது. முருங்கை இலையை நிழலில் உலர்த்தி இடித்து, தீனில் 5 சதவீதம் சேர்க்கலாம். முட்டைக் கருவின் நிறம் சில வாரத்தில் மாறும்.