பாட் போனாலும் பதிவு இருக்க வேண்டும்: அக்காவிடம் கேளுங்கள்

பினாங்கில் கணினித் துறையில் இருக்கும் நம்மவர்கள், குபெர்னெட்டிஸ் (பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டரில், அதாவது அந்தக் கணினிகளின் தொகுப்பில், தரவைக் காப்பது பற்றி என்னிடம் கேட்டவை இவை.

ஜார்ஜ்டவுன்: அக்கா, தண்ணீர்மலைத் தைப்பூச அன்னதானத்துக்குப் பெயர் பதியும் செயலியைக் கண்டெய்னராக (தேவையானவற்றுடன் சேர்த்துக் கட்டிய பொதி) ஏற்றினேன். புதிய பதிப்பை ஏற்றியதும் பழைய பதிவுகள் அத்தனையும் காணவில்லை. ஏன்?

தம்பி, பதிவுகளைக் கண்டெய்னருக்குள்ளேயே எழுதியிருக்கிறீர்கள். கண்டெய்னரை ஓட்டும் சிற்றலகுக்குப் பாட் என்று பெயர்; கிளஸ்டர் எந்தப் பாட் கெட்டாலும் பழுது பார்க்காது. பழையதை அழித்துப் புதியதை எழுப்பும். பந்தல் காலில் மாட்டிய பை, பந்தலைப் பிரிக்கும்போது போகத்தான் செய்யும். எவ்வளவு இடம், எந்த வகைச் சேமிப்பு என்று குறிப்பிட்டு ஒரு பெர்சிஸ்டென்ட் வால்யூம் கிளைம், அதாவது நிலையான சேமிப்புக்கான கோரிக்கை, எழுதுங்கள். கிளவுடில் தனி வட்டு உருவாகி, பாடுடன் இணையும். பாட் மாறினாலும் வட்டு இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் ஒரு எச்சரிக்கை. புதிய வட்டில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற கோப்புறை ஏற்கெனவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இடம் காலியாக இல்லை என்று போஸ்ட்கிரெஸ் தொடங்க மறுக்கும். தரவு இருக்கும் இடத்தைச் சொல்லும் பிஜிடேட்டா மாறியை ஓர் உட்கோப்புறைக்குத் திருப்பினால் போதும்.

பாயான் லெப்பாஸ்: மூன்று பாட்களாகப் பெருக்கினேன். ஒன்றுதான் ஓடுகிறது.

'ரீட் ரைட் ஒன்ஸ்' வட்டாக இருக்கும். பெயரைப் பார்த்தால் ஒரு பாடுக்கு மட்டும் என்று தோன்றும்; உண்மையில் ஒரு நோடுக்கு, அதாவது கிளஸ்டரின் ஒரு கணினிக்கு, மட்டும். இந்தப் பெயரை வைத்தவர் மீது எனக்குத் தீராத வருத்தம். மற்ற இரண்டு பாட்களும் வேறு நோட்களுக்குப் போய், வட்டு கிடைக்காமல் நிற்கின்றன. படங்களும் ஆவணங்களும்தான் என்றால் பகிர்வுக் கோப்புச் சேமிப்புக்கு மாறுங்கள். தரவுத்தளம் என்றால் ஸ்டேட்ஃபுல்செட் என்ற அமைப்பு. ஒவ்வொரு பாடுக்கும் தனி வட்டு. ஆனால் அது தரவை நகலெடுத்துத் தராது. அந்த வேலை தரவுத்தளத்துடையது.

பட்டர்வொர்த்: அமேசான் கிளவுடின் மலேசிய வட்டாரத்தில் ஏற்றினேன். ஒரு நோட் விழுந்ததும் பாட் 'பெண்டிங்' (காத்திருப்பு) என்றே நிற்கிறது.

2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்த வட்டாரத்தில் மூன்று மண்டலங்கள் (தனித்தனித் தரவு மையத் தொகுதிகள்) இருக்கின்றன, ஐயா. அமேசானின் இபிஎஸ் வட்டு எந்த மண்டலத்தில் பிறந்ததோ அங்கேயே கிடக்கும். பக்கத்து மண்டலத்து நோடுடன் சேராது. வட்டு இருக்கும் மண்டலத்தில் இன்னொரு நோடைச் சேர்த்தால் பாட் எழுந்துவிடும். அடுத்த முறை, சேமிப்பு வகையை வரையறுக்கும் ஸ்டோரேஜ் கிளாஸில் 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' என்று வையுங்கள். பாட் எந்த மண்டலம் என்று முடிவான பிறகே வட்டு உருவாகும்.

செபராங் ஜெயா: கிளைமை அழித்தால் வட்டும் போய்விடுமா?

தானாக உருவான வட்டு என்றால், வேறு எதுவும் சொல்லாதவரை, போய்விடும். பழைய வேலையிடம் ஒன்றில், வெள்ளிக்கிழமை மாலை, சோதனைக்கானது என்று நினைத்து ஒரு நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) அழித்தேன். கிளைம், வட்டு, தரவு எல்லாம் வரிசையாகப் போயின. அன்றிலிருந்து முக்கியமான வட்டு எதுவானாலும் கிளைம் போனபின் வட்டை என்ன செய்வது என்று சொல்லும் ரிக்ளைம் பாலிசியை 'ரீடெயின்' (வைத்திரு) என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அதே வாசகர்: 100 ஜிபி கேட்டுவிட்டேன். 20 ஆகக் குறைக்கலாமா?

முடியாது. கூட்டத்தான் முடியும், அதுவும் ஸ்டோரேஜ் கிளாஸ் அனுமதித்தால். சிறிய வட்டு ஒன்றை உருவாக்கித் தரவை நகர்த்துங்கள்.