போனில் இயங்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரில் ஊறும் ஓதத்தைப் போக்குமா?

கேள்வி: கோத்தகிரியில் சொந்த வீடு, நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். குளியலறைச் சுவரும், அதையொட்டிய படுக்கையறையின் பின்சுவரும் கறுத்துப் பூசணம் பூத்திருக்கின்றன. குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது, கூடத்தில் குளிர்காயத் தீ மூட்டும் கணப்பு இருக்கிறது. வீடு தேடி வந்த ஒருவர் சிறிய மீட்டர் ஒன்றைக் காட்டி, "ஈரப்பதம் 86 சதவீதம், ஆபத்து" என்றார். சென்சாரும் வைஃபையும் உள்ள மூன்று எக்ஸாஸ்ட் ஃபேன்கள் பொருத்த 38,000 ரூபாய் கேட்கிறார். தை, மாசியில் கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கிருந்தே போனில் ஃபேனை ஓட்டலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஐயா, முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு ஃபேன் தேவைப்படலாம். மூன்று தேவையே இல்லை.

அந்த மீட்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வியாபாரமே அதை வைத்துத்தான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோத்தகிரியில் எந்த வீட்டுத் திண்ணையில் அதை நீட்டினாலும் எண்பதுக்கு மேல்தான் காட்டும். வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கத்துச் சரிவில்தான் கொட்டுகிறது. இதே ஆளை ஆடி மாதம் கூடலூருக்கு அனுப்பினால் அங்கேயும் இதே எண்ணைக் காட்டுவார். ஊர் முழுக்க இருக்கும் ஈரத்தை உங்கள் வீட்டின் நோயாகக் காட்டி பயமுறுத்துகிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்து ஏறி இறங்குகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

அந்தச் சதவீதம் காற்றில் எத்தனை நீர் இருக்கிறது என்று சொல்லாது. காற்று என்னும் பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். ஆழாக்கு நிறைந்தாலும் நிறைவுதான், படி நிறைந்தாலும் நிறைவுதான். பத்து டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். இருபது டிகிரியில் 17 கிராம் தாங்கும். ஆகவே விடியற்காலையின் குளிர்ந்த பனிக்காற்று, வெந்நீரால் சூடேறிய குளியலறைக்குள் வந்தால், வந்த இடத்தில் பாதிதான் நிறைந்திருக்கும்; மீதி இடத்தில் உங்கள் சுவரின் ஈரத்தை ஏற்றுக்கொண்டு வெளியே போகும். அதே காற்று, ஆள் இல்லாமல் பன்னிரண்டு டிகிரியில் விறைத்துக் கிடக்கும் படுக்கையறைக்குள் வந்தால் ஏறத்தாழ நிறைந்தபடியே நிற்கும். அதில் துணிகூடக் காயாது. வெளியே ஈரம் நிறைந்த நாளில், உள்ளே வெளியைவிட வெதுவெதுப்பாக இருக்கும்போது ஃபேனை ஓட்டினால்தான் பலன் உண்டு. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது சென்சாருக்கு வாருங்கள். அறுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தானே நின்றுவிடும் என்பார்கள். வெளியே தொண்ணூறு இருக்கும் மாதத்தில் குளிர்ந்த வீட்டுக்குள் அறுபது எங்கிருந்து வரும்? ஃபேன் நிற்கவே நிற்காது. முப்பது வாட் ஃபேன் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கை ஒரே ஃபேன் தின்றுவிடும். அதற்குக் கூலியாக வீட்டுக்குள் குளிரையும் மேகத்தையும் இழுத்துப் போடும். சென்சாரை விட்டுவிட்டு, குளித்து முடித்த பிறகு அரை மணி நேரம் ஓடி நிற்கும் டைமர் ஒன்றை வாங்குங்கள்.

அளவும் பெரிதாக வேண்டாம். ஆறடிக்கு ஐந்தடி, எட்டடி உயரம் உள்ள குளியலறையில் இருப்பது ஏழு கன மீட்டருக்கும் குறைவான காற்று. மணிக்குப் பத்து முறை மாற்றினாலும் எழுபது கன மீட்டர்தான். ஆறு அங்குல ஃபேன் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் இருநூறுக்கு மேல் போட்டிருப்பார்கள். ஒன்று போதும். நிற்கும்போது தானே மூடிக்கொள்ளும் மடல்கள் உள்ளதாகப் பாருங்கள், இல்லையென்றால் மேகம் அந்த வழியாகவே உள்ளே வரும். கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டு, நாளிதழ்த் தாள் ஒன்றைக் கிழித்து உள்பக்கக் கம்பித்தட்டியில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று போகிறது, விழுந்தால் போகவில்லை.

காற்று எங்கே போகிறது என்பதையும் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். குன்னூரில் ஒரு வீட்டில் குளியலறைக் கூரை மட்டும் சொட்டுகிறது, மழையே இல்லை என்று கூப்பிட்டார்கள். ஏணி வைத்து ஏறி, மரக்கூரைப் பலகை ஒன்றை நகர்த்திப் பார்த்தேன். ஃபேனின் குழாய் அங்கேயே, தகரத்துக்கு ஒரு முழம் கீழே முடிந்திருந்தது. தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள் கோத்த பாசிமணி போலத் தொங்கின. பலகைகள் கரிபிடித்த மாதிரி கறுத்திருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் மரம் உள்ளே போயிற்று. அந்த வீட்டுக்காரரின் போனில் செயலி பச்சை விளக்கோடு "இயங்குகிறது" என்று காட்டிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்து வெளியே குழாய் விடுவது அரை நாள் வேலை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள். மலையில் வீடு கட்ட அனுமதி வாங்க எத்தனை மேசைகளில் கையெழுத்து வேண்டியிருக்கிறது! குளியலறை ஆவி எங்கே போகும் என்று அந்த மேசைகளில் ஒன்றிலாவது யாராவது கேட்கிறார்களா?

இனி நான் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. பொறுமையாக, முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஃபேன் மணிக்கு இருநூறு கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நீங்கள் அடைத்திருப்பீர்கள். அப்போது மிச்சமிருக்கும் அகலமான வழி கணப்பின் புகைபோக்கிதான். மேலே போக வேண்டிய புகை தலைகீழாகக் கூடத்துக்குள் இறங்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது.

குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசரிலும் இதே கதைதான். "ஃபேன் ஓடுகிறதே, கெட்ட காற்றைத்தான் வெளியே இழுக்கிறதே" என்று பலரும் நம்புகிறார்கள். அடைத்த அறையில் ஃபேன் கீசருக்குச் சேர வேண்டிய காற்றையும் சேர்த்து இழுத்துவிடும், சுடர் அரைகுறையாக எரியும், விஷம் அங்கேதான் பிறக்கிறது. கீசர் வெளிச்சுவரில் மாட்டப்பட்டு, வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வருகிறது என்றால் இந்தப் பயம் இல்லை. உங்களுடையது உள்ளே இருக்கிறது என்கிறீர்கள். ஃபேன் வாங்கும் பணத்தில் முதலில் அந்தக் கீசரை வெளியே மாற்றுங்கள்.

போன் நுழையும் இடம் இன்னும் மோசம். மார்கழி இரவில் நீங்கள் கணப்பை மூட்டி அதன் முன்னால் கண்ணயர்ந்திருக்கிறீர்கள். கோவையில் மகள், அப்பா ஃபேன் போட மறந்திருப்பார் என்று நல்லெண்ணத்தோடு போனைத் தொடுகிறாள். வீட்டுக்குள் நெருப்பு எரிவது அவளுக்குத் தெரியாது, செயலிக்கும் தெரியாது. ஆகவே நீங்கள் வீட்டில் இருக்கும்வரை வெளியூரிலிருந்து யாரும் ஃபேனை இயக்கக்கூடாது. மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கூடத்திலும், இன்னொன்றைப் படுக்கையறையிலும் வையுங்கள். வந்தவர் விற்கும் சாமான்களில் அது இருந்ததா? இருந்திருக்காது.

வீடு பூட்டியிருக்கும் தை, மாசியில் போன் உண்மையிலேயே உதவும். அந்த மாதங்களில் நண்பகல் வெயில் நன்றாக அடிக்கும், காற்றும் உலர்ந்திருக்கும். தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை ஓடும்படி டைமர் வைத்து, அறைக்கதவுகளையும் அலமாரிகளையும் திறந்துவைத்து, குரங்கு நுழையாதபடி கம்பிவலை போட்ட ஜன்னல் ஒன்றைச் சற்றே விட்டுவிட்டுப் போங்கள். மேகம் இறங்கிய நாளில் பக்கத்து வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால், கோவையிலிருந்து அன்றைக்கு மட்டும் நிறுத்திவிடலாம். இதற்கு சாதாரண ஃபேனும் ஒரு வைஃபை சுவிட்சும் போதும். மூவாயிரம், நாலாயிரத்துக்குள் முடியும்.

அந்த சுவிட்ச் வாங்கும்போது சில சங்கதிகள். வைஃபை சுவிட்ச் எப்போதும் விழித்திருக்க, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி வேண்டும்; பழைய வீடுகளின் சுவிட்ச் போர்டில் அது பெரும்பாலும் இருக்காது. போர்டைத் திறந்து, அது இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரல் வேண்டாத சுவிட்சும் உண்டு என்பார். சின்ன ஃபேனில் அது முனகும், துடிக்கும், வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் வேலை செய்யும், கருங்கல் சுவரைத் தாண்டி அலை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையால் அழுத்தும் பித்தான் கட்டாயம் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி டைமர் வைத்து, ரவுட்டரை அணைத்துவிடுங்கள். நேரத்துக்கு ஓடினால் டைமர் கருவிக்குள்ளேயே இருக்கிறது. பிறகு மெயின் சுவிட்சையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, ரவுட்டர் இல்லாமலே மறுபடி பாருங்கள். மின்சாரம் போய் வந்ததும், இன்டர்நெட் இல்லாமல் மணி என்னவென்றே தெரியாமல் விழிக்கும் கருவிகள் நிறைய. காற்றில் ஒரு சீகை மரம் கம்பியில் சாய்ந்தால் அரை நாள் இருட்டில் கிடக்கும் ஊருக்கு அது உதவாது. மின்சாரம் திரும்பும்போது ஃபேன் அணைந்த நிலையிலேயே இருக்கும்படியும் செயலியில் அமைத்துவிடுங்கள்.

பொருத்த வருகிறவர் "என் போனிலேயே பதிவு செய்து தருகிறேன், சார்" என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அவர் கணக்கில் பதிவானால் ஃபேன் அவர் கையில். ரவுட்டர் மாறினால், கடவுச்சொல் மறந்தால் ஒவ்வொரு முறையும் அவருக்குப் படி அளக்க வேண்டும். மகளின் மின்னஞ்சலில், உங்கள் எதிரிலேயே பதிவாகட்டும். உத்தரவாத அட்டையையும் பெரிதாக நம்பாதீர்கள். ஓராண்டுகூட ஆகாத ஃபேன் ஒன்றை நானே கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சர்வீஸ் சென்டர்வரை போயிருக்கிறேன். "ஈரத்தால் வந்த பழுது, உத்தரவாதத்தில் சேராது" என்றார்கள். குளியலறை ஃபேனுக்கு!

இவ்வளவையும் செய்வதற்கு முன்னால், படுக்கையறைப் பின்சுவரைச் சோதிக்க வேண்டும். மண்ணை வெட்டிக் கட்டிய வீடாக இருந்து, அந்தச் சுவர் மேட்டை ஒட்டி நின்றால், மண்ணிலிருந்து கசியும் நீர்தான் ஓதமாகத் தெரியும். பத்து ஃபேன் வைத்தாலும் அது காயாது. சுவருக்குப் பின்னால் வடிகால் வெட்ட வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் ஏறத்தாழ ஓர் அடிச் சதுரம் வெட்டி, கறுத்த இடத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரம் என்றால் அது காற்றிலிருந்து படிந்தது, ஃபேன் உதவும். தாளைப் பிரிக்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் அது மண்ணின் நீர். எந்தப் பக்கம் நனைந்தது, அந்தச் சுவருக்குப் பின்னால் மேடு எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். அதுவரை அந்த மீட்டர்காரர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.