காலிபர் போட்டா நரம்பு செத்துடுமா?

கேள்வி: மேடம், எங்க வூட்டுக்காரருக்கு 58 வயசு, போன தீபாவளிக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. இப்ப பேச்சு தெளிவா வருது, கைய கூட தூக்குறாரு, ஆனா பாதம் மட்டும் தொங்கிக்கினே கீது, நடந்தா கட்டவிரல் தரையில தேயுது. டாக்டர் எழுதி குடுத்து வெள்ள பிளாஸ்டிக்ல காலிபர் (முட்டிக்கு கீழ காலயும் பாதத்தயும் சேத்து தாங்கி புடிக்கறது) செஞ்சு வாங்கினோம். பக்கத்து வூட்டு பெரியவரு "அத மாட்டினா காலு சோம்பேறி ஆயிடும், நரம்பு செத்துடும்"னு சொன்னாரு, அன்னைலருந்து அது கட்டிலுக்கு அடியில கெடக்குது. போடலாமா வேணாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: போடச் சொல்லுங்கம்மா. இன்னைக்கே.

பாதத்த மேல தூக்குற தசைக்கு மூளையிலருந்து ஆர்டர் சரியா போகல, அதனாலதான் தொங்குது. அப்படி தொங்கினா மனுஷன் என்ன பண்ணுவாரு, இடுப்ப தூக்கி கால வெளிப்பக்கமா வீசி வீசி வைப்பாரு, சீக்கிரம் களைச்சு போவாரு, வாசப்படியில விரல் இடிச்சு ஒருநாள் விழுவாரு. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுதுன்னா அது தனி கதை, அத நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. காலிபர் அந்த பாதத்த நேரா புடிச்சு வைக்குது, அதனால விரல் தரைய ஒரசாம தாண்டுது, குதிகால் முதல்ல ஊணுது, நடையில வேகமும் பேலன்ஸும் மாட்டின அன்னைக்கே கொஞ்சம் கூடும். நிறைய ஆய்வுல பார்த்த விஷயம் இது.

ஆனா ஒன்னு, கழட்டி வெச்சா பாதம் பழையபடி தொங்கத்தான் செய்யும். அது மருந்து இல்ல, மூக்குக்கண்ணாடி மாதிரி. அதனால காலிபர் வந்துடுச்சுன்னு எக்சர்சைஸ நிறுத்திடாதீங்க, ரெண்டும் சேர்ந்துதான் ஓடணும். பெரியவர் சொன்ன பயம் டாக்டருங்களுக்கே ஒரு காலத்துல இருந்துதுதான், அதுக்காக நெதர்லாந்துல ஸ்ட்ரோக் வந்தவங்கள 26 வாரம் தொடர்ந்து கவனிச்சு பார்த்தாங்க, காலிபர் போட்டதால பாதத்த தூக்குற தசையோட வேலை குறைஞ்சு போகல. உண்மையில கால சோம்பேறி ஆக்குறது எது தெரியுமா, விழுந்துடுவோம்னு பயந்து நாள் பூரா கட்டில்லயே உக்காந்திருக்கறதுதான்.

பெரியவர் மேல மட்டும் பழி போட மாட்டேன். கட்டிலுக்கு அடியில போற காலிபர்ல நிறைய கடிக்குதுன்னுதான் போகுது, யாரும் வெளிய சொல்றதில்ல. மாட்டற விதம் இது: நாற்காலியில உக்காந்து, முட்டிய மடக்கி, முழங்கால் வரைக்கும் வர்ற காட்டன் சாக்ஸ சுருக்கம் இல்லாம போடணும். குதிகால நல்லா பின்னால தள்ளி உள்ள உக்கார வெக்கணும், அப்புறம் கணுக்கால் பட்டிய மொதல்ல இழுத்து ஒட்டணும், மேல் பட்டி கடைசியில. குதிகால் உள்ள போகாம பட்டிய மட்டும் இறுக்கினா கண்டிப்பா புண்ணு வரும். மொத நாள் ஒரு மணி நேரம் போதும், கழட்டி தோல பாருங்க, சிவப்பு அரை மணி நேரத்துல மறையலன்னா செஞ்ச இடத்துக்கே எடுத்துட்டு போங்க, பிளாஸ்டிக்க சூடு பண்ணி அந்த இடத்த விரிச்சு குடுப்பாங்க. சுகர் இருந்து பாதம் மரத்து போயிருந்தா தினமும் பாதத்துக்கு அடியில கண்ணாடி வெச்சு பாருங்க, அவருக்கு வலி தெரியாது. நம்ம வேலூர் வெயிலுக்கு பிளாஸ்டிக்குள்ள வேர்த்து ஊறிடும், மத்தியானம் ஒரு தடவ சாக்ஸ் மாத்துங்க.

இன்னொன்னு, வெறும் காலிபரோட டைல்ஸ்ல நடக்க விடாதீங்க, வழுக்கும். மேல ஷூ வேணும், வாய் நல்லா அகலமா திறக்குற வெல்க்ரோ ஷூ, ஒரு சைஸ் பெருசா, உள்ள இருக்குற அட்டைய உருவிட்டா இடம் கிடைக்கும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில வேலை செய்யற சொந்தக்காரங்க யாராச்சும் உங்களுக்கு இருப்பாங்களே, கேட்டு பாருங்க. வூட்டுக்குள்ள செருப்பு கூடாதுன்னா உள்ளுக்குன்னு தனியா ஒரு ஜோடி வெச்சுக்கோங்க. பூஜை அறையில கழட்டட்டும், ஆனா உக்காந்துதான் கழட்டணும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு, செரிப்ரல் பால்சி (சின்னதுலயே மூளை பாதிச்சு கை கால் அசைவு சரியா வராத நிலை), நுனிக்கால்ல நடக்கறா. போன வருஷம் வாங்கின காலிபர்ல விரல் வெளிய வருது. அதையே போட்டுக்கலாமா?
- தாய், ராணிப்பேட்டை

பதில்: வேணாம்மா, புதுசு அளவெடுங்க. வளர்ற பிள்ளைக்கு ஒன்னு ரொம்ப நாள் வராது, சில மாசத்துக்கு ஒருமுறை காட்டணும். முட்டிய நீட்டி வெச்சு பாதத்த கையால மேல தள்ளினா வருதான்னு பிசியோகிட்ட பார்க்க சொல்லுங்க. வராம இறுகியிருந்தா காலிபருக்குள்ள பலவந்தமா திணிக்க கூடாது. அதுக்கு முன்னாடி மாவுக்கட்டு போட்டு தளர்த்தறதோ தசை இறுக்கத்த குறைக்கற போட்டாக்ஸ் ஊசியோ தேவைப்படலாம். வேலூர் பாகாயத்துல 1966ல டாக்டர் மேரி வர்கீஸ் ஆரம்பிச்ச சிஎம்சி மறுவாழ்வு மையம் இருக்கறதால இதுக்கு நீங்க சென்னைக்கு அலைய வேண்டியதில்ல (அவங்களே ஆக்சிடென்ட்ல இடுப்புக்கு கீழ செயலிழந்து சக்கர நாற்காலியில இருந்து வைத்தியம் பார்த்தவங்க). செலவு பயமா இருந்தா மாற்றுத்திறனாளி அட்டையோட கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க.

கேள்வி: பைக்ல விழுந்து முட்டிக்கு வெளிப்பக்கம் அடிபட்டதுல வலது பாதம் தூக்க முடியல. ஆன்லைன்ல கரண்ட் குடுத்து பாதத்த தூக்கற மெஷின் பார்த்தேன், காலிபருக்கு பதிலா அது வாங்கலாமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: காசு போட்டுடாதீங்க தம்பி. அந்த மெஷின் நரம்பு வழியாத்தான் தசைய தூண்டுது. ஸ்ட்ரோக், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மாதிரி மூளை, தண்டுவடத்துல பிரச்னை இருந்து கால் நரம்பு நல்லா இருக்கறவங்களுக்கு அது வேலை செய்யும், அவங்களுக்கே கூட நடை வேகத்துல காலிபரும் மெஷினும் ஏறக்குறைய சமம்தான். உங்களுக்கு அடிபட்டதே அந்த நரம்பு, முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பு மேல தோலுக்கு கிட்டயே ஓடுறது. நரம்பு டெஸ்ட் எடுத்து அறுந்துருக்கா, நசுங்கிருக்கான்னு பாருங்க. நசுங்கினது மாசக்கணக்குல திரும்பி வரலாம், அதுவரைக்கும் பின்னாடி மெல்லிசா வளையற லேசான காலிபர் போதும். திரும்பவே வரலன்னா வேற தசையோட நாண எடுத்து முன்பக்கம் மாத்தி தைக்கற ஆபரேஷன் இருக்கு, வேலூர் பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில தொழுநோயால பாதம் தொங்கினவங்களுக்கு பல வருஷமா செய்யறாங்க. பைக்க மட்டும் இப்ப எடுக்காதீங்க, பின் பிரேக் வலது கால்லதானே இருக்கு.