ஆராதனை முடிந்த பிறகும் பாடுகிற ஊர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவுநாளையொட்டித் திருவையாற்றில் நடைபெறும் ஆராதனையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நான்கே வரிகளில் விடை எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று பலர் கடிதம் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த இதழில் இப்பகுதியை முழுவதுமாக அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆராதனைப் பந்தலைப் பிரித்த மறுநாளே திருவையாறு மற்ற காவிரிக்கரை ஊர்களைப் போல ஆகிவிடும் என்றும், பாடுகிறவர்கள் அனைவரும் சென்னையிலிருந்து வந்து போகிறவர்களே என்றும் என் தோழி வாதிடுகிறாள். உள்ளூருக்கென்று ஓர் இசை அங்கே உண்டா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. தை மாதத்து மேடையில் நாம் பார்க்கிற முகங்களில் பெரும்பாலானவை வெளியூர் முகங்களே. ஆனால் அந்த மேடை அமைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் ஓசைக்குப் பெயர் பெற்றிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் அங்கே வந்த ஞானசம்பந்தர், கோயிலை வலம் வந்த பெண்கள் நடனமாட, அதற்கு முழங்கிய முழவின் ஒலியை இடியென்று நினைத்து அஞ்சிய மந்திகள் மரத்தின் மேல் ஏறி மழைமேகத்தைத் தேடியதாகப் பாடியிருக்கிறார். தன் ஊர்ச் சத்தத்தைக் கேட்டுக் குரங்குகூட ஏமாந்தது என்பதைவிடப் பெரிய நற்சான்றிதழ் ஓர் ஊருக்குக் கிடைத்துவிடாது.

அப்பர் கயிலைக் காட்சியைக் கண்டதாகச் சொல்லப்படும் இடமும் அதுவே. கயிலாயத்தை நோக்கி நடந்து உடல் தேய்ந்த அவர், வடக்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்ததாகவும், பிடியோடு வந்த களிற்றையும் பெடையோடு வந்த கோழியையும் வரிசையாகக் கண்டு அவற்றிலேயே சிவனையும் சக்தியையும் உணர்ந்ததாகவும் வரலாறு. அப்போது அவர் பாடிய பதிகம் காந்தாரப் பண்ணில் அமைந்தது. இன்று ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். ஆண்டுதோறும் ஆடி அமாவாசை இரவில் ஐயாறப்பர் கோயிலில் அந்தக் காட்சியை விழாவாக நடத்துகிறார்கள். ஒலிபெருக்கி இரைச்சல் சற்று ஓய்ந்த நேரத்தில் அந்தப் பதிகத்தை ஒற்றைக் குரலில் கேட்கிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், தை மாதத்துக் கூட்டத்தில் கிடைக்காத ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

இவை விழாக்கள். அன்றாட இசை வேண்டுமென்றால் அரசு இசைக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். 1965-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், பரதநாட்டியம் ஆகியவற்றைக் கற்பிக்கிறார்கள். ஒரு வேலைநாளின் முற்பகலில் அதன் அருகே சிறிது நேரம் நின்றிருந்தேன். ஓர் அறையில் வர்ணத்தின் ஒரே வரியை இரண்டாம் காலத்தில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையிலிருந்து தவில் மாணவர்களின் சொற்கட்டு தாளம் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு நாகசுரம் மேல் ஸட்ஜத்தைப் பிடிக்க முயன்று இரண்டு முறை பிசிறி, மூன்றாம் முறை பிடித்துவிட்டது. இது கச்சேரிக்கான இசை அன்று. ஆயினும் ஓர் ஊரில் இசை உயிரோடு இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள் கேட்க வேண்டியது அந்தப் பிசிறலைத்தான் என்பது என் எண்ணம்.

ஒரு கூடுதல் செய்தி: ஐயாறப்பர் கோயிலின் வெளிச்சுற்றில் ஓரிடத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலி கேட்கும் என்பார்கள். நான் எண்ணியபோது ஐந்துதான் தேறின. என் குரலின் வலிமை அவ்வளவுதான் போலும்.

கேள்வி: ஆராதனை ஒரு காலத்தில் கட்சி கட்டிக்கொண்டு நடந்ததாக என் தாத்தா சொல்வார். பக்தி விழாவில் என்ன கட்சி? பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கம் எப்போது வந்தது? (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: தாத்தா சொன்னது உண்மை. 1767-இல் திருவாரூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் கழித்த தியாகராஜர் 1847-இல் அங்கேயே சமாதி அடைந்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவருடைய சமாதி, காவிரிக்கரையில் செடிகொடிகளுக்கு நடுவில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடர் பரம்பரையினர் அதைச் சீர்செய்து ஆண்டு வழிபாட்டைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார்கள். தொடங்கிய சில ஆண்டுகளிலேயே யார் நடத்துவது, யார் கணக்கு வைத்துக்கொள்வது என்று பிணக்கு வந்து, பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே மகானுக்கு ஒரே ஊரில் இரண்டு விழாக்கள் நடந்தன. எந்த வித்துவான் எந்தக் கட்சியில் பாடினார் என்பதை வைத்து உறவும் பகையும் அமைந்தன.

இந்த இரண்டு கட்சிகளுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், பெண்களைப் பாட விடக்கூடாது என்பது. அங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். தேவதாசி மரபில் பிறந்து, சென்னையில் பாடிப் பெரும்பொருள் ஈட்டிய அவர், சமாதியின் நிலையைக் கேள்விப்பட்டுத் திருவையாற்றுக்கு வந்து, அந்த இடத்தை முயன்று பெற்று, 1921-இல் அடிக்கல் நாட்டித் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயிலை எழுப்பினார். கோயிலைக் கட்டியவரையே அங்கே பாடக் கூடாது என்றார்கள். அவரும் வாதிட்டுக்கொண்டு நிற்கவில்லை; பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கி, சமாதிக்குப் பின்புறத்தில் அவர்களைப் பாட வைத்தார். ஆண்களுடைய இரண்டு கட்சிகளையும் இறங்கிவரச் செய்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

1940-ஐ ஒட்டிச் சமரசம் ஏற்பட்டு, மூன்றும் ஒன்றாகி ஒரே சபை அமைந்தது. சேர்ந்து பாடும் வழக்கம் 1941-இல் தொடங்கியது. முதலில் பாடுவது யார் என்ற பழைய சண்டைக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் பாடிவிடுவதைவிட நல்ல தீர்வு இருக்க முடியாது. அதற்குப் பஞ்சரத்தினத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து கன ராகங்களில் அமைந்த அந்தப் பாடல்கள் எல்லாமே ஆதி தாளத்தில் அமைந்தவை. அவற்றின் சரணங்களில் ஸ்வரமும் சாகித்தியம் எனப்படும் பாடல் வரிகளும் முன்பே நிர்ணயிக்கப்பட்டு அடுத்தடுத்து வருகின்றன. பாடகர் தம் கற்பனையைக் காட்ட இடம் மிகக் குறைவு. அந்தக் குறையே கூட்டத்துக்கு வரமாயிற்று. ஒரே வரியை அவரவர் கற்பனைக்கேற்ப விரித்துப் பாடுகிற நிரவலை ஐந்நூறு பேர் உட்கார்ந்து செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள், புரியும்.

நாகரத்தினம்மாள் தம் இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து 1952-இல் காலமானார். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடியே, அதன் அருகில் அவருடைய சமாதியும் சிலையும் இருக்கின்றன. ஆராதனைக்குச் செல்கிறவர்களில் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கேள்வி: தமிழ் பேசுகிற ஊரில் ஐந்து நாட்களும் தெலுங்குப் பாட்டுதானா? உள்ளூர் மக்களுக்கு அதில் என்ன ஒட்டு? (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், விருத்தாசலம்)

பதில்: ஐயா, இந்தக் கேள்வி அந்த ஊரில் சற்றுச் சூடாகவே எழுந்து அடங்கியிருக்கிறது. தமிழிசை இயக்கம் வலுப்பெற்றிருந்த 1946-இல், தண்டபாணி தேசிகர் ஆராதனையில் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடியதால் சந்நிதி தூய்மை கெட்டுவிட்டது என்று பேச்சு எழுந்து, தமிழ்நாடு முழுவதும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தேவாரம் பாடிய மண்ணில் தமிழுக்குத் தீட்டு என்றது வெட்கக்கேடு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒருவருடைய நினைவுநாளில் அவருடைய பாடல்களை அவர் பாடிய மொழியில் பாடுவது வேறு விஷயம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளூர் மக்களின் விழா எது என்று கேட்டால், சித்திரையில் நடக்கிற சப்தஸ்தானம் என்கிற ஏழூர்ப் பல்லக்குத் திருவிழாவையே சொல்வேன். திருமழபாடியில் திருமணம் முடித்த நந்தியம்பெருமானும் ஐயாறப்பரும் பல்லக்குகளில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களுக்குச் செல்வார்கள். ஒவ்வோர் ஊர்ச் சாமியும் தன் பல்லக்கோடு சேர்ந்துகொள்ள, ஏழு பல்லக்குகளும் மறுநாள் திருவையாற்றில் கூடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூனில்தான் திறக்கப்படுகிறது. ஆகவே சித்திரையில் காவிரியும் குடமுருட்டியும் வெறும் மணலாகக் கிடக்கும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் அந்த மணலில் கால் புதைய நடக்க, முன்னால் மேளம் போகும். ராகத்தை விஸ்தாரமாக வாசிப்பதற்கு நாகசுரக்காரருக்கு வழி நெடுக நேரம் இருக்கும். கேட்பவர்கள் களத்துமேட்டிலும் திண்ணையிலும் இருந்து கேட்பார்கள். தலையாட்டுவதற்கு நுழைவுச்சீட்டு வேண்டாம், ராகத்தின் பெயரும் தெரிய வேண்டாம்.

கேள்வி: ஆராதனைக்கு எப்போது போகலாம்? எங்கே தங்குவது? (குடும்பத் தலைவி, சேலம்)

பதில்: புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள் அன்று. பெரும்பாலும் ஜனவரியிலும், சில ஆண்டுகளில் பிப்ரவரித் தொடக்கத்திலும் வரும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் அருகிலேயே இருப்பதால் அங்கே தங்குவது வசதி. பஞ்சரத்தினம் காலையில் பாடப்படும், அனுமதி இலவசம், தரையில் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வானொலியில் கேட்கலாம், நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். திரும்பும்போது பாசிப்பருப்பில் செய்கிற அசோகாவை வாங்க மறந்துவிடாதீர்கள். அந்த ஊரில் சாப்பிட்டால்தான் அது அசோகா.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாரும் நாகசுரம் வாசித்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் அதைத்தான் கற்பேன் என்கிறான். அனுப்பலாமா? வருமானம் வருமா? (விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: பரம்பரையில் வராதவர்கள் கற்க முடியாது என்ற நிலை மாறிவிட்டது. திருவையாற்றுக் கல்லூரியிலும், மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் யாரும் சேரலாம். ஆனால் கல்லூரி நேரத்தில் கற்பது மட்டும் போதாது. விடியற்காலைச் சாதகம் இல்லாமல் அந்தக் கருவிக்கு மூச்சு நிற்காது. ஒரு நல்ல வித்துவானின் மேளத்தில் துணை நாயனமாக நான்கைந்து ஆண்டுகள் நடந்தால்தான் எந்த வேளைக்கு எதை வாசிப்பது என்பது கைவரும். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, விடியலில் பௌளி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று ஏட்டில் எழுதிவிடலாம். தாலி கட்டுகிற நொடியில் யாரோ கையை அசைத்ததும், வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை அப்படியே நிறுத்திக் கெட்டிமேளத்துக்கு மாறுகிற பழக்கத்தை மணப்பந்தலில் மட்டுமே கற்க முடியும்.

கருவியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஆசிரியரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே ஆடுதுறையை அடுத்துள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய மரத்துக்கு அங்கே தனி மதிப்பு. உயர்ந்த சுருதி கொண்ட திமிரிக்கு மாற்றாக நீளமான பாரி நாகசுரம் உருவானது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து செய்த முயற்சியால்தான். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குழல் வாழ்நாள் முழுவதும் வரும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி அப்படி வராது. நாணல் தட்டையில் செய்கிற அந்தச் சிறு பொருள், ஈரம் போதாவிட்டாலும் அதிகமானாலும் வாசிப்பவரின் மானத்தை வாங்கிவிடும். அதனால்தான் நாகசுரத்தின் ஓரத்தில் நாலைந்து சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கிறோம்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். தை, பங்குனி, வைகாசி, ஆவணி ஆகிய முகூர்த்த மாதங்களில் ஓய்வே இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கோயில் வேலை மட்டும் இருக்கும், அதில் கிடைப்பது சொற்பம். இப்போது பல வீடுகளில் கேரளத்துச் செண்டை மேளத்தை அழைக்கிறார்கள். சில இடங்களில் ஒலித்தட்டோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆகவே மகனைப் பட்டயத்தோடு நிறுத்தாமல், இசை ஆசிரியர் பணிக்கான தகுதியையும் பெறச் செய்யுங்கள். நிலம் இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். அதை விற்றுப் படிக்க வைக்கத் தேவையில்லை, அரசுக் கல்லூரிக் கட்டணம் அவ்வளவு ஆகாது.

சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள் அவனைத் திருவையாற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாலை நேரத்தில் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார வைத்து, கோயிலிலிருந்து வருகிற நாயனத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கழித்து எழுந்து கடைத்தெருவுக்குப் போகலாம் என்று அவனாகச் சொன்னால், விண்ணப்பப் படிவத்தை இன்னோர் ஆண்டு தள்ளிப் போடலாம்.