நானோ ஆர்.என்.ஏ ஊசி போட்டால் கீமோவை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. கணையத்தில் புற்றுநோய் என்று நான்கு மாதம் முன்பு ஆபரேஷன் செய்தார்கள். பன்னிரண்டு கீமோவில் நாலு முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் படுத்த படுக்கைதான். பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே விரலில் கரண்ட் அடிப்பது போல இருக்கிறது என்கிறார். என் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். சென்னையிலேயே ஒரு இடத்தில் நானோ ஆர்.என்.ஏ ஊசி ஆறு போட்டால் போதுமாம், கீமோ வேண்டாமாம், பக்க விளைவே கிடையாதாம். 4 லட்சம் கேட்கிறார்கள். வளையல்களை அடகு வைக்கலாமா என்று இருக்கிறேன். போடலாமா டாக்டர்? (அம்பத்தூர் வாசகி)

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள் அம்மா. வளையலையும் அடகு வைக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கொழுந்தனார் கேள்விப்பட்டது முழுக்கப் பொய் இல்லை, பாதி உண்மையாக இருப்பதால்தான் இது ஆபத்து.

ஆர்.என்.ஏ என்பது செல்லுக்குள் ஓடும் உத்தரவுச் சீட்டு. இந்தப் புரதத்தைச் செய் என்று ஒரு சீட்டு சொல்லும், அந்தச் சீட்டையே கிழித்துப் போடு என்று இன்னொரு வகைக் குட்டி ஆர்.என்.ஏ சொல்லும். கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு கேராஸ் என்ற மரபணு கெட்டுப்போயிருக்கும். அந்தக் கெட்ட உத்தரவை மட்டும் கிழித்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசிக்காத புற்றுநோய் மருத்துவர் இருக்க மாட்டார். சிக்கல் அந்தச் சீட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். ஆர்.என்.ஏ அவ்வளவு மென்மையானது. நம் விரல் தோலில் இருக்கும் நொதியே அதைச் சிதைத்துவிடும் என்பதால் ஆய்வகத்தில் கையுறை போட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார்கள். வெறுமனே ரத்தத்தில் ஏற்றினால் நிமிடக்கணக்கில் காணாமல் போய்விடும்.

அதனால்தான் கொழுப்பாலான ஒரு நானோ உறைக்குள் அதை அடைக்கிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. கோவிட் சமயத்தில் வந்த எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகளிலும் இதே உறைதான். ஆனால் இந்த உறைக்கு ஒரு பழக்கம் உண்டு. ரத்தத்தில் ஏற்றியதும் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், கல்லீரல் அதைத் தன் சரக்கு என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். நீங்கள் எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டாலும் பெரும்பாதி கல்லீரல் ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிவிடும். 2018-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்த இந்த வகை மருந்து பாடிசிரான். அது நரம்பைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கானது. அந்த நோய்க்குக் காரணமான புரதம் பெரும்பாலும் கல்லீரலில் உற்பத்தியாவதால் அங்கே இந்தப் பழக்கமே வசதியாகப் போய்விட்டது. கணையக் கட்டி அப்படி இல்லை. அதைச் சுற்றிலும் நார் நாராகக் கெட்டியான திசு, உள்ளே ரத்தக் குழாய்களும் குறைவு, கீமோவே திணறித்தான் நுழைகிறது. எல்லாம் தாண்டி ஒரு துகள் புற்று செல்லுக்குள் போனாலும் செல் அதை ஒரு சின்னப் பைக்குள் போட்டு மூடிவிடும். அந்தப் பையிலிருந்து தப்பி வெளியே வரும் ஆர்.என்.ஏ நூற்றில் ஒன்றிரண்டுதான் என்று 2013-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். பத்து வருடங்களுக்கு மேலாக அந்தப் பையை உடைக்கத்தான் உலகம் முழுக்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வீடியோவில் காட்டியது எது? அநேகமாக நியூயார்க்கில் நடந்த, 2023-ல் வெளிவந்த கணையப் புற்றுநோய் ஆய்வாக இருக்கும். நிஜமாகவே நம்பிக்கை தரும் ஆய்வு அது. ஆபரேஷன் முடிந்த 16 பேருக்கு ஆர்.என்.ஏ தடுப்பூசி போட்டதில் 8 பேருக்கு புற்று செல்லை அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்பு செல்கள் நன்றாகக் கிளம்பின, அவர்களுக்கு நோய் திரும்புவதும் தள்ளிப்போனது. படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இந்த நோயில் நல்ல செய்தி வருவதே அபூர்வம். ஆனால் வீடியோவில் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அந்த ஊசியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தார்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மரபணுவைப் படித்து, அந்த ஒருவருடைய கட்டியில் மட்டும் இருக்கும் கோளாறுகளைப் பொறுக்கி, அதற்கேற்ற ஆர்.என்.ஏவைத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும். உங்களிடம் பணம் கேட்கிறவர்கள் உங்கள் கணவரின் கட்டித் திசுவைக் கேட்டார்களா? பயாப்ஸி பிளாக் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்களே, அதையாவது? கேட்கவில்லை என்றால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போடுகிற அந்த ஊசி எதுவாக இருந்தாலும் இந்தத் தடுப்பூசி இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கும் கீமோ கொடுத்தார்கள் அம்மா. உங்கள் கணவருக்குப் போகிற அதே மாதிரியான பன்னிரண்டு சுற்றுக் கீமோ! தடுப்பூசி அதற்கு மேல் கூடுதலாகத்தான், அதற்குப் பதிலாக இல்லை. இதைத் தெரிந்தே மறைத்து ஒருவரைக் கீமோவிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பக்க விளைவே இல்லை என்பதும் தவறு. நானோ உறையில் வைத்துக் கொடுத்த ஒரு ஆர்.என்.ஏ புற்றுநோய் மருந்தின் ஆய்வை 2016-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பி உயிர்ச்சேதம் வரைக்கும் போனதால். நான் இதை எழுதும் நாள் வரைக்கும் நானோ உறையில் அடைத்த ஆர்.என்.ஏ மருந்து எதற்கும் கணையப் புற்றுநோய்க்கு அனுமதி கிடையாது. ஆய்வுகளில் மட்டும்தான் தருகிறார்கள். ஆய்வு என்று சொன்னால் அதன் சி.டி.ஆர்.ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடுதான் சி.டி.ஆர்.ஐ, அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும், உங்களுக்குப் புரிகிற தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். முறையான ஆய்வில் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் வாங்க மாட்டார்கள், ஆய்வால் பாதிப்பு வந்தால் அவர்கள்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான மத்திய அரசின் 2019 விதிகள் சொல்கின்றன.

இப்போது உங்கள் கணவரின் கஷ்டத்துக்கு வருகிறேன், நீங்கள் அந்த ஊசியைத் தேடியதே அதனால்தானே. விரலில் கரண்ட் அடிப்பது ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தின் வேலை. ஒவ்வொரு டோஸுக்கும் பிறகு சில நாள் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் குடிக்கட்டும், ஃப்ரிட்ஜைத் திறக்க விடாதீர்கள், குளிக்கவும் வெந்நீர்தான். அந்த விறுவிறுப்பு அடுத்த டோஸ் வருவதற்குள் போய்விடுகிறதா, இல்லை அப்படியே நிற்கிறதா என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சட்டைப் பட்டன் போட முடிகிறதா, செருப்பு காலில் இருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த ஒரு மருந்தை மட்டும் குறைக்கவோ நிறுத்தவோ செய்து மற்றதைத் தொடரலாம். இதை நிறைய பேர் டாக்டரிடம் சொல்வதே இல்லை, சொன்னால் கீமோவையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு வாரம் எழ முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள், வாந்தி மருந்தை மாற்றலாம், டோஸைக் குறைக்கலாம். அப்புறம், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாவது சுற்றுக்குப் போகும்போது அந்த நோட்டையும், கொழுந்தனார் அனுப்பிய வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள், அண்ணனுக்காகத்தான் அவரும் தேடியிருக்கிறார். ஆர்.என்.ஏ ஆய்வு ஏதாவது இவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த பயாப்ஸி பிளாக்கை மட்டும் பத்திரமாக வைக்கச் சொல்லிவிடுங்கள், பின்னால் எந்த ஆய்வில் சேர்வதானாலும் அது வேண்டியிருக்கும்.