அப்பாவின் விபத்தைக் கண்ணால் பார்த்த தங்கை, பள்ளியில் ஒரு பையனை விரும்புகிறாள். தடுக்க வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: தங்கைக்கு 16 வயது, பிளஸ் ஒன். எட்டு மாதம் முன்பு அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது விபத்து. அப்பா அந்த இடத்திலேயே இறந்துவிட்டார், அவளுக்குச் சிராய்ப்புகள்தான். இப்போது கூடப் படிக்கும் பையனுடன் இரவு ஒரு மணி வரை போனில் பேசுகிறாள். "அவன் பேசினாத்தான் தூக்கம் வருது" என்கிறாள். போனைப் பிடுங்கி, டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் அம்மா.

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். ராத்திரி பயத்தை அடக்க அவளிடம் இருக்கும் ஒரே வழி அந்தக் குரல். அதற்கு மாற்றாக ஒன்றும் தராமல் அதைப் பறித்தால், பயம் அப்படியே இருக்கும், அதை உங்களிடம் சொல்லும் வழி மட்டும் அடைபடும். பள்ளி மாறினால் தோழிகள், டீச்சர், பழகிய வகுப்பு எல்லாம் ஒரே நாளில் போகும். அப்பாவை இழந்த பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு. அதற்காக, காதலே அவளைத் தேற்றிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. 16 வயதுப் பையன் துணையாக இருக்கலாம், வைத்தியம் பார்க்க அவனால் ஆகாது. ஆகவே அவளுடைய அதிர்ச்சியையும் காதலையும் தனித்தனியாகக் கையாளுங்கள். அதிர்ச்சிதான் முதலில்.

துக்கத்தில் இருக்கும் பிள்ளை அப்பாவை நினைத்து அழும். அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவை நினைக்கப் போனாலே அந்தக் கடைசி நிமிடம் குறுக்கே வந்து நிற்கும். அதனால் நல்ல நினைவுகளைக்கூடத் தொட மாட்டாள். கவனித்துப் பாருங்கள்: லாரி ஹார்ன், பிரேக் சத்தம், ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் உறைந்து போகிறாளா? அந்தச் சாலையை, பைக்கை, அப்பாவின் போட்டோவைத் தவிர்க்கிறாளா? சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, எரிந்து விழுவது, படித்தது தங்காமல் போவது இருக்கிறதா? "நான் லேட்டாகுதுன்னு சொல்லாம இருந்திருந்தா அப்பா வேகமா போயிருக்க மாட்டார்" போன்ற குற்ற உணர்வு இருக்கிறதா? இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். எட்டு மாதம் ஆகிவிட்டது, இனி தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த அதிர்ச்சி ஏன் ஆறாமல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். அதைத் தாங்கி நிறுத்துவது தவிர்ப்பு. சாலைக்கே போகாவிட்டால், எல்லாப் பயணமும் விபத்தில் முடியாது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. வீட்டார் பாசத்தால் இதற்குத் துணை போகிறார்கள்: போட்டோவைக் கழற்றி வைப்பது, பேச்சை மாற்றுவது. அந்தப் பையனும் அதையேதான் செய்வான். அவள் அழ ஆரம்பித்ததும் வேறு பேச்சை எடுப்பான், தூங்கும்வரை லைனில் இருப்பான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவன் இல்லாமல் ஒரு இரவைத் தாண்ட முடியும் என்பதை அவள் கற்க மாட்டாள். உறவு அவளைத் தாங்குகிறதா, கட்டிப்போடுகிறதா என்று அறிய ஒன்றைக் கவனியுங்கள். அவன் இரண்டு மணி நேரம் பதில் போடாவிட்டால் அவள் என்ன ஆகிறாள்? சிணுங்கிவிட்டு வேறு வேலை பார்த்தால் பரவாயில்லை. மூச்சுத் திணறல், நடுக்கம் வந்தால் அவனையே மருந்தாக வைத்திருக்கிறாள் என்று பொருள். அவன் பாஸ்வேர்டு கேட்பது, போட்டோ கேட்பது, தோழிகளோடு பேசாதே என்பது, "நீ போனா கையை அறுத்துக்குவேன்" என்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே தலையிடுங்கள்.

இரவுக்கான மாற்று ஏற்பாட்டை இன்றே தொடங்கலாம். போன் பேச்சை நிறுத்தாமல் முன்னால் நகர்த்துங்கள்: எட்டரை மணிவாக்கில் அரை மணி நேரம். பத்து மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். அவளுடையதை மட்டும் வாங்கினால் அது தண்டனையாகத்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் நீங்கள் அவள் அறையில் படுங்கள், சின்ன விளக்கு எரியட்டும். பகலிலேயே இரண்டு பயிற்சிகளைப் பழக்குங்கள். ஒன்று, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது, ஐந்து நிமிடம். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்றால் பிள்ளைகள் வேகமாக, அளவுக்கு மீறி இழுப்பார்கள், தலை சுற்றிப் பயம் கூடும். நீளமாக விடுவதுதான் முக்கியம். இன்னொன்று, பாதத்தைத் தரையில் ஊன்றி, பார்க்கும் ஐந்து பொருள், தொடும் நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு சுவை என்று சொல்வது. பலரும் இதைப் பீதியின் உச்சத்தில்தான் முதல் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். அப்போது எதுவும் ஏறாது, "இது எனக்கு வேலை செய்யல" என்று ஒதுக்கிவிடுவாள். அமைதியான நேரத்தில், தினம் இரண்டு தடவை, ஒரு வாரமாவது செய்த பிறகே ராத்திரியில் கைகொடுக்கும்.

இவை தாங்கு கட்டைகள்தான். சிகிச்சை என்பது அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. வாரம் ஒரு அமர்வு, பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். முதலில் உடம்பையும் உணர்ச்சியையும் அடக்கும் பழக்கம், பிறகு "என்னாலதான்" என்ற எண்ணத்தைச் சோதிப்பது, அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது, கடைசியில் அம்மாவோடு சேர்ந்து பேசுவது. நடந்ததைச் சொல்லும் கட்டத்தில் கெட்ட கனவும் அழுகையும் சில வாரம் கூடும். "டாக்டர்கிட்ட போய்த்தான் மோசமாச்சு" என்று குடும்பங்கள் நிறுத்துவது பெரும்பாலும் அங்கேதான். அப்போது நிறுத்துவது பாதி ஆபரேஷனில் எழுந்து வருவது மாதிரி. இந்த ஏற்றத்தைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். முதல் நாளே முழுக் கதையையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தும் ஆலோசகரிடம் போக வேண்டாம். இந்த வயதில் அதிர்ச்சிக்கு மாத்திரை முதல் சிகிச்சை அல்ல. கூடவே மனச்சோர்வு இருந்தால் மருத்துவர் எழுதித் தரலாம். மெடிக்கல் கடையில் கேட்டு தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

செலவு பயம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டே பார்க்கலாம். எங்கே போவது என்று கேட்க டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098.

பைக் பயத்தைப் படிப்படியாக இறக்கலாம். நிற்கும் பைக்கைத் தொடுவது, எஞ்சின் ஓடாமல் உட்காருவது, எஞ்சின் ஓட உட்காருவது, ஹெல்மெட்டோடு தெருமுனை வரை போவது, பிறகு பெரிய சாலை. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். எட்டில் தொடங்கினால் நான்குக்கு வரும்வரை அதே படியில் நில்லுங்கள். உச்சத்தில் இருக்கும்போது இறக்கிக் கூட்டி வந்தால் பயம்தான் ஜெயித்ததாகும். விபத்து நடந்த இடத்துக்கு மட்டும் சிகிச்சையாளர் சொன்ன பிறகே போங்கள்.

பள்ளியில் ஒரே ஒரு டீச்சரிடம் சொன்னால் போதும். கதவருகே இடம், தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் வெளியே போக அனுமதி, இவை மட்டும் கேளுங்கள். ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதம். பள்ளிகளில் விபத்து வீடியோ போடுவார்கள், அன்று அவளை நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தவிர்ப்பு கூடாது என்று சொல்லிவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்னறிவிப்பில்லாமல் ரத்தத்தைக் காட்டுவது பயிற்சி ஆகாது. விபத்து வழக்கில் அவளிடம் போலீஸ் வாக்குமூலம் கேட்டால், பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். கோர்ட் தேதி, அப்பாவின் திதி இரண்டையும் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அறிகுறிகள் அந்த வாரத்தில் எழும்பும்.

காதல் பக்கம் வருவோம். சட்டத்தை இருவருக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உடலுறவுக்குச் சம்மதம் என்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் செல்லாது. பையனும் சிறுவனாக இருந்தாலும் வழக்கு வரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும் அனுப்புவதும் குற்றம். ஆனால் பேசுவதற்கும் பழகுவதற்கும் போக்சோவைக் காட்டி மிரட்டாதீர்கள். வளரிளம் பருவக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் சொல்லியிருக்கிறது. உறவினர் யாராவது "கட்டிக் கொடுத்துடு" என்று வந்தால், 18 ஆகாமல் திருமணம் செய்து வைப்பது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம். அவனும் பயந்துதான் இருப்பான். விபத்துப் பேச்சை ராத்திரியில் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும், கூட இருந்தால் போதும், சமாதானம் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. சாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னாலும், "யாருக்கும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், உடனே உங்களை அழைக்க வேண்டும். உங்கள் நம்பரை அவன் கையில் கொடுங்கள்.

இந்த வயதுக் காதல் பிரிவில் முடிய வாய்ப்பு அதிகம், அதற்கும் தயாராக இருங்கள். பிரிந்தால் அவளுக்கு விபத்தும் சேர்ந்து திரும்பி வரும். முதல் இரண்டு வாரம் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அழைத்துப் போக முடியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

அம்மாவுக்கும் கணவர் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. தங்கைக்கு ஓ.பி. சீட்டு போடும் நாளில் அவருக்கும் ஒன்று போடுங்கள்.